சாவி வாங்கும் முன் வீடு ஒரு மழையைப் பார்க்கட்டும்

ஐப்பசியும் கார்த்திகையும் செங்கல்பட்டு மாவட்டத்தை நனைத்துவிட்டுப் போகும். மார்கழியில் யாரும் புது வீடு புகுவதில்லை. தை பிறந்ததும் கேளம்பாக்கம், தையூர், படூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று எங்கு பார்த்தாலும் கிரகப் பிரவேசம். கட்டுமான நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். வருடம் முடியும் தறுவாயில் கடிதம் வருகிறது: வீடு தயார், மீதித் தொகையைச் செலுத்திச் சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிடுகிறது. அதற்குப் பிறகு குளியலறைச் சுவரில் ஓதம் தெரிந்தாலும், பால்கனிக் கதவு சாத்த மறுத்தாலும், "முதல்ல பால் காய்ச்சிடுவோம்பா, மத்ததை மெதுவா சொல்லி சரிபண்ணிக்கலாம்" என்று வீட்டிலேயே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

மெதுவாகச் சொல்லிச் சரிசெய்தவர்கள் குறைவு. வீடு வாங்குகிறவர் கையில் உண்மையான பலம் இருக்கும் காலம் மிகக் குறுகியது. கடைசித் தவணை இன்னும் போகவில்லை, சாவி கைக்கு வரவில்லை, ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருக்கும் சில வாரங்கள்தான் அது. வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடக் கடனையும் போட்டு வாங்கும் வீட்டுக்கு, அந்தச் சில வாரங்களை நாம் முகூர்த்தத்திடம் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு விற்கும் முறையும் வாங்குபவரின் பலத்தைக் குறைத்தே வந்திருக்கிறது. மனையில் பிரிக்கப்படாத பாகத்தை, எல்லோரும் யூ.டி.எஸ். என்று சொல்வதை, முதலில் பத்திரம் பதிவார்கள். கட்டடத்துக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தம். அஸ்திவாரம், ஒவ்வொரு தளம், பூச்சு என்று கட்டடம் எழும்ப எழும்ப வங்கிக் கடன் போய்க்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரிலிருந்து நிலப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பகுதிப் பணம் வீடு முடியும் முன்பே போய்ச் சேர்வது மாறவில்லை. கையில் எஞ்சுவது ஒன்றிரண்டு தவணைதான்.

"பேங்க் இன்ஜினியர் வந்து பாத்துட்டுத்தானே லோன் குடுத்தாங்க" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், வேலை எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறது, கடனுக்கு ஈடாக அந்தச் சொத்து போதுமா என்று பார்க்கிறார். பூச்சுக் கலவையில் சிமென்ட் போதுமா, கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அவர் பார்க்கிற வேலை இல்லை. நிறைவுச் சான்று தரும் அதிகாரியும், அனுமதித்த வரைபடத்தின்படி கட்டடம் இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறார். வேலையின் தரத்தை வாங்குகிறவர் சார்பில் பார்க்க இந்த ஏற்பாட்டில் யாருமே இல்லை. நாமே ஒருவரை அமர்த்தினால்தான் உண்டு.

கம்பிக்குள் புகும் உப்பு

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் வில்லாக்களும் அடுக்குமாடிகளும் எழுந்துகொண்டிருக்கின்றன. அங்கே வீடு வாங்குகிறவர் ஒரு தடவை கடற்கரைக் கோயிலை வீட்டுக் கண்ணோடு போய்ப் பார்க்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்தில் எழுந்த கருங்கல் கோயில். அதன் சிற்பங்களின் முகங்களை உப்புக் காற்று மழுங்கடித்திருக்கிறது. தொல்லியல் துறை கடலோரம் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறது. சவுக்கு வளர்த்துக் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, உள்ளே இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருடம் தாங்கிய கருங்கல்லுக்கே இத்தனை பராமரிப்பு தேவைப்படும் கடற்கரை இது.

அந்தக் கல்லுக்குள் கம்பி இல்லை. நம் தூண்களுக்குள்ளும் தளத்துக்குள்ளும் இருக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, துருவை அண்டவிடாமல் வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போனால் அந்தப் படலம் உடைகிறது. துரு பிடித்த கம்பி பருமனில் பெருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு மெல்லிய விரிசல் தெரியும். அப்புறம் பழுப்புக் கறை. அதற்கப்புறம் துண்டு துண்டாக விழும். இதெல்லாம் தெரியவருவதற்குள் வாங்கி ஏழெட்டு வருடம் ஓடிவிடுகிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. இதமான சூழலில் எம்20 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு வெளியே 20 மி.மீ. மூடலும் குறைந்தபட்சமாகப் போதும். கடலோரக் காற்றுக்கு நேராகத் திறந்திருக்கும் கான்கிரீட் கடுமையான சூழல் என்ற வகையில் வருகிறது. அதற்கு எம்30 தரமும் 45 மி.மீ. மூடலும் வேண்டும். கடல் திவலை படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. ஆக, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு வீட்டுக்கு இந்த மூடலுக்காகக் கம்பிக்கடியில் வைத்த அதே கவர் பிளாக்கை நெம்மேலியில் போட்டால் அந்த வீடு பிறக்கும்போதே குறையோடு பிறக்கிறது.

காற்றில் வரும் உப்பை விடக் கலவையில் சேரும் உப்பு மோசமானது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது அதே விதி. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் மொத்த குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத இடங்கள் உண்டு என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் தளம் போட்டார்களா, லாரித் தண்ணீர் வாங்கினார்களா? கழுவாத கரையோர மணல் கலந்ததா? "தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், கியூப் டெஸ்ட் ரிப்போர்ட் ரெண்டும் குடுங்க" என்று முன்பதிவின்போதே கேட்கலாம். ஒழுங்காகக் கட்டுகிறவர்களிடம் இந்தக் காகிதங்கள் கோப்பில் இருக்கும். தயங்குகிறவர்களிடம் வீடு வாங்கும் முன் நாமும் தயங்க வேண்டும்.

இதை மிகையான பயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். குருகிராம் 109-ஆவது செக்டாரில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பு. 2022 பிப்ரவரி 10 அன்று அதன் ஒரு கோபுரத்தில் ஆறாம் மாடி வீட்டின் கூடம் இடிந்து, கீழே உள்ள மாடிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஐ.ஐ.டி. டெல்லி ஆராய்ந்து கான்கிரீட்டில் குளோரைடு அளவுக்கு மீறி இருந்ததைச் சொன்னது. குருகிராமுக்குப் பக்கத்தில் கடலே இல்லை. இன்னொன்று கொச்சி. ராணுவத்தினருக்கென்று கட்டி 2018-இல் ஒப்படைத்த சந்தர் குஞ்ச் கோபுரங்களில் இரண்டை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழே வருடத்தில் இடிக்க வேண்டிய நிலைக்கு ஒரு கட்டடம் வரும் என்று சாவி வாங்கிய நாளில் அவர்களில் யார் நினைத்திருப்பார்கள்?

மழையும் ஒரு வாளித் தண்ணீரும்

கான்கிரீட்டின் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பூச்சும் தரையும் குழாயும் அப்படியல்ல. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் அங்கே குடியேறிய மக்கள் சுவரை விரலால் சுரண்டிக் காட்டினார்கள். பூச்சு மண்ணாக உதிர்ந்தது. அதன் பிறகே ஐ.ஐ.டி. சென்னையின் நிபுணர்கள் வந்தார்கள், ஆய்வு நடந்தது, சரிசெய்யும் வேலையும் தொடங்கியது. குறையைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, அங்கே குடியிருக்க வந்தவர்களின் விரல்தான்.

முடிந்தால் கட்டடம் முடிந்தபின் ஒரு வடகிழக்குப் பருவமழை அதன் மேல் பெய்யட்டும். நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். சன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் ஈரம், மேல்மாடி வீட்டின் கூரையில் வட்டமாகக் கறை, வெளிச் சுவரின் உட்பக்கம் உப்புப் பூத்தல், தரைக்கடி வாகன நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீர் எல்லாம் அன்றைக்குத் தெரியும். கோடையில் வெள்ளையடித்து ஒப்படைக்கும் வீட்டில் இவை எதுவும் தெரியாது. முடிச்சூர் 2015-இல் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் தத்தளித்ததையும் பார்த்த மாவட்டம் இது. ஏரிகளும் ஏரிப் பாசன நஞ்சைகளும் மனைகளாக மாறிய பூமியில் மழைக்காலத்தில் வீடு பார்ப்பதைப் போன்ற நல்ல சோதனை வேறில்லை.

மழைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் மழையை நாமே கொண்டுபோக வேண்டியதுதான். குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, தரை மூழ்கத் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். அங்கே கசிவில்லை என்றால் நீர்க்காப்பு வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. பால்கனியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் வாட்டம் சரியா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும், கூடத்தை நோக்கி அல்ல. டைல்ஸ் முழுக்க ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை நிரம்பாத இடம் பொள்ளல் சத்தம் கொடுக்கும். அந்தக் கல்லில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, படம் எடுங்கள். மேல்மாடி வீடு என்றால் மொட்டைமாடியில் தட்டோடு பதித்த இணைப்புகளையும் கைப்பிடிச் சுவரின் அடியையும் பார்க்காமல் வராதீர்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிலர் தலைமுடி போன்ற ஒரு கீறலைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள், வேறு சிலர் ஆபத்தானதைப் பட்டி பூசி மறைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். பூச்சு காயும்போது வரும் வலைபோன்ற கீறல் அழகுக் குறை மட்டுமே. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவது, அந்த இணைப்பில் கம்பி வலை வைத்துப் பூசாததால் பெரும்பாலும் வருகிறது. அதைப் பிரித்து வலை வைத்துத் திரும்பப் பூசச் சொல்லலாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்குவதும், செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல ஏறுவதும் வேறு வகை. அடிமண் இறங்குகிறதா என்று கேட்க வைப்பவை இவை. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் மேல் நிற்கும் கட்டடங்களில் இவற்றைக் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடவே கூடாது. தூணிலோ உத்திரத்திலோ விரிசல் இருந்தால் அதற்கும் இதே பதில்தான். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் முன்பே விழுந்த பதினொரு மாடிக் கட்டடத்தில் 61 பேர் இறந்தார்கள். அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது.

மின்சாரத்தில், கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அப்படியே போகக்கூடாது. இணைப்பு நிரந்தரமானதா, கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பா என்றும் கேளுங்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கார்ப்பெட் ஏரியாவையும் அளந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு பொறியாளரை அழைத்துப் போவது நல்லது. அவருக்குத் தரும் கட்டணம் வீட்டு விலையில் கடுகளவு. கூடவே அனுபவமுள்ள ஒரு கொத்தனாரும் வந்தால் இன்னும் நல்லது. ரசமட்டமும் தூக்குக் குண்டும் மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவந்துவிடும்.

இரண்டு மாதம் சட்டமே தருகிறது

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை, ரெரா என்று நாம் அறிந்ததை, வீடு வாங்கிய பலரும் தகராறு முற்றிய பிறகே படிக்கிறார்கள். குடியேறத் தகுதிச் சான்று கிடைத்த இரண்டு மாதத்துக்குள் வீட்டைக் கைவசம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 19-ஆவது பிரிவு வாங்குபவருக்குக் கடமை விதிக்கிறது. கடமையாக எழுதியதை அவகாசமாகவும் படிக்கலாம். கடிதம் வந்த வாரமே சாவி வாங்கச் சட்டம் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் சோதிக்கலாம், குறைப்பட்டியல் எழுதலாம், திருத்தியதைத் திரும்பப் பார்க்கலாம்.

பட்டியலை வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடக் கூடாது. தள மேலாளர் நல்லவராக இருப்பார், "கவலையே படாதீங்க சார், நம்ம ஆளை விட்டு முடிச்சுத் தர்றேன்" என்பார். அடுத்த மாதம் அவர் வேறு திட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அறை வாரியாக, படத்தோடு, தேதியோடு, மின்னஞ்சலிலும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். இருதரப்பும் சேர்ந்து பார்வையிட ஒரு நாள் கேளுங்கள். கடைசித் தவணையைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவைப்பது ஆபத்து. தாமதமாகும் பணத்துக்கு வாங்குபவரும் வட்டி கட்ட வேண்டும் என்று அதே 19-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே எந்தக் குறைக்காக, எந்த வேலை முடியும் வரை என்று எழுத்தில் சொல்லியே பேச வேண்டும்.

ஒப்படைப்புக் கடிதத்தில் "முழுத் திருப்தி, எந்தக் குறையும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதை அடித்துவிட்டு, "இணைத்துள்ள குறைப்பட்டியலுக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படியானால் சாவி தரமாட்டோம் என்றால்? பெங்களூரு பேகூரில் டி.எல்.எப். சதர்ன் ஹோம்ஸ் கட்டிய குடியிருப்பின் வழக்கில் 2020 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கிரயப் பத்திரம் வேண்டுமென்றால் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிடு என்று வாங்குபவரை நெருக்குவது நியாயமல்ல, வீட்டைப் பெற்றுக்கொண்டதாலேயே அவர் உரிமையை இழந்துவிடுவதும் இல்லை. நிறைவுச் சான்றும் தீயணைப்பு அனுமதியும் இல்லாமல் வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்வது முறையான ஒப்படைப்பே ஆகாது என்று ஆக்ரா வளர்ச்சி ஆணைய வழக்கில் 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. சான்றில்லாத வீட்டில் பால் காய்ச்சும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலையின் தரத்திலோ வசதிகளிலோ குறை தெரியவந்து சொன்னால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெராவின் 14-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்தாலும் சட்டம் மேலோங்கும். சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள், அங்கே புது வீட்டுக் குறைக்கான பொறுப்புக் காலம் ஒரு வருடம்தான். ஆனால் அங்கே சாவி வாங்கியதும் ஒரு நிபுணரைக் கூட்டிவந்து சுவர் சுவராகத் தட்டிப் பார்ப்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. அதே ஆட்கள் ஊரில் கோவளம் பக்கம் வில்லா வாங்கும்போது பவர் எழுதிக் கொடுத்த மாமாவை அனுப்பிச் சாவி வாங்கிக்கொள்கிறார்கள். மாமா மரியாதைக்காக எதையும் கேட்காமல் கையெழுத்திட்டுவிடுகிறார். கடற்கரையில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் உப்பு தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது.

மாமல்லபுரத்துக்குள்ளேயே வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வேறு. அனுமதியில்லாமல் எழுப்பிய மாடியைக் கொத்தனாரால் சரிசெய்ய முடியாது.

எனக்கு உண்மையில் அதிகக் கவலை தருவது பெரிய குடியிருப்புகள் அல்ல. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர்த் தெருக்களில் ஒரு கிரவுண்டில் நான்கு வீடு, ஆறு வீடு என்று எழும் சிறு கட்டடங்கள். முதல் வீடு வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெராவில் பதிவு கட்டாயமில்லை. நிறைவுச் சான்று விதியும் சிறு கட்டடங்களுக்கு விலக்கு தருகிறது. கட்டுகிறவர் உள்ளூர்க்காரர், "அண்ணே" என்று கூப்பிடும் பழக்கம், ஒப்பந்தம் இரண்டு பக்கம். குறை வந்தால் இந்தக் குடும்பங்களுக்கு இருப்பது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே மனு செய்யலாம், இரண்டு வருடத்துக்குள். வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடவும் முடியும். அதனால் அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கொஞ்சம் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கான்கிரீட்டின் தரம், கம்பியின் அளவு, சிமென்ட்டின் பெயர், கலக்கும் தண்ணீர் எங்கிருந்து, ஐந்து வருடக் குறைப் பொறுப்பு, கடைசித் தவணை குறைகள் திருத்திய பிறகே. அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.